மணித்தடி முதல் ஓட்டக் கழகம் வரை

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் தரை தொட்டு, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என ஊர்தோறும் வயல்களுக்கு நீரூட்டிப் புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கிறது தாமிரபரணி. ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடைய இச்சிற்றாற்றின் கரையில் வாழ்ந்த புலவர்களைப் பற்றியும், வணிகர்களைப் பற்றியும், போராட்ட வீரர்களைப் பற்றியும் நூல்கள் பல வந்துள்ளன. ஆனால் இக்கரையில் ஓடிய மனிதர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஓட்டம் வரலாற்றுக்குரிய பொருள்தானா என்று சிலர் ஐயுறலாம். ஓட்டத்தை ஊதியத்துக்காகச் செய்த காலமும், பரிசுக்காகச் செய்த காலமும், உடல் நலத்துக்காகச் செய்யும் காலமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. அம்மாற்றங்களுக்கு ஊடே ஒரு சமூகம் யாரை மதித்தது, யாரை மறந்தது என்பதும் புலப்படும். ஆகவே ஓட்டக் கழகம் என்னும் அமைப்பு எவ்வாறு தோன்றியது, அது நம் பகுதிக்கு எவ்வழியாக வந்தது, அதனால் நமக்கு ஆகக்கூடியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகிய மூன்றும் சேர்ந்த விளையாட்டைத் தமிழில் தடகளம் என்கிறோம். ஓடுவதற்குத் தடம்; தாண்டுவதற்கும் எறிவதற்கும் களம். இரண்டையும் இணைத்த பெயர் இது. அரபு மொழியில் இதனை 'அல்ஆபுல் குவா' என்பர்; வலிமைகளின் விளையாட்டு என்பது அதன் பொருள். அரபியர் ஆற்றலை நோக்கிப் பெயரிட்டனர். தமிழர் இடத்தை நோக்கிப் பெயரிட்டனர். அளந்து ஒதுக்கிய இடம் இன்றேல் இவ்விளையாட்டு இல்லை என்பதைத் தமிழ்ச்சொல் தன்னுள்ளே வைத்திருக்கிறது. கழகம் ஒன்றின் முதல் வேலையும் அவ்விடத்தை அளப்பதே ஆகும்.

இப்னு பதூதா கண்ட ஓட்டக்காரர்

நம் நாட்டில் ஓட்டக்காரர்கள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டுக் கூட்டமாக இயங்கியதைத் தெளிவாக எழுதி வைத்தவர்களுள் ஒருவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா ஆவார். 14ஆம் நூற்றாண்டில் முஹம்மது பின் துக்ளக் தில்லியை ஆண்டபோது அவர் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழகக் கடற்கரைக்கும் மதுரைக்கும் வந்து சென்றார். அவருடைய பயண நூலில் சுல்தானின் அஞ்சல் முறை விரிவாகப் பேசப்படுகிறது. குதிரை அஞ்சல் ஒன்று. கால்நடை அஞ்சல் மற்றொன்று. இரண்டாவதில் ஒரு மைல் தொலைவு மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். பங்கு ஒன்றுக்கு ஒரு குடியிருப்பு. அதன் வெளிப்புறத்தில் ஓட்டக்காரர்கள் இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு காத்திருப்பர். ஒவ்வொருவரிடமும் இரண்டு முழ நீளத் தடி ஒன்று இருக்கும். அதன் தலைப்பில் செம்பு மணிகள் கட்டப்பட்டிருக்கும். ஒரு கையில் கடிதம், மறு கையில் மணித்தடி. மணியோசை தொலைவிலேயே கேட்டதும் அடுத்தவர் எழுந்து ஆயத்தமாவார். கடிதத்தை வாங்கியதும் ஓடத் தொடங்குவார்.

இம்முறை குதிரை அஞ்சலைவிட விரைவானது என்று இப்னு பதூதா குறிப்பது வியப்பூட்டும். காரணத்தை ஆராய்ந்தால் வியப்பு நீங்கும். குதிரை நெடுந்தொலைவு ஓடிக் களைக்கும். மனிதன் ஓடியதோ மைலில் மூன்றிலொரு பங்கு மட்டுமே. களைப்பு வருமுன் கை மாறிவிடும். இன்றைய தொடரோட்டத்தின் தத்துவமும் இதுவே. ஈழத் தமிழர் தொடரோட்டத்தை அஞ்சலோட்டம் என்றே இன்றும் வழங்குகின்றனர். அச்சொல்லில் அந்தப் பழைய மணியோசை இன்னும் கேட்கிறது எனலாம்.

திருவிதாங்கூர் அஞ்சலும் நெல்லைத் தபாலும்

இப்னு பதூதா கண்ட மணித்தடி ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் எல்லையோரத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பாலும், வடமேற்கே செங்கோட்டையிலும் திருவிதாங்கூர் அரசின் ஆட்சி நடந்தது. அவ்வரசுக்கென்று அஞ்சல் என்னும் தனித் தபால் முறை இருந்தது. அதன் ஓட்டக்காரர் மணி கட்டிய கோலை ஏந்தி ஓடுவார். மணியோசை கேட்டால் மக்கள் வழிவிட்டு விலகி நிற்க வேண்டும். 1951இல் அத்துறை இந்தியத் தபால் துறையோடு இணைக்கப்பட்டது. செங்கோட்டை 1956இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. ஆகவே மணித்தடி ஓட்டக்காரரைக் கண்ணால் கண்ட முதியவர்கள் அண்மைக் காலம் வரை அப்பகுதியில் வாழ்ந்தனர்.

ஆற்றின் கீழ்க்கரையில் கும்பினியாரின் தபால் நடந்தது. சென்னையில் பொதுத் தபால் நிலையம் 1786இல் திறக்கப்பட்டது. 1801இல் திருநெல்வேலிச் சீமை முழுவதும் கும்பினியாரின் கைக்கு வந்தபின் பாளையங்கோட்டை அவர்களது படையிருப்பாகவும் ஆட்சி நிலையமாகவும் வளர்ந்தது. அங்கிருந்து கடிதங்கள் செல்லும் வழியெல்லாம் ஓட்டக்காரர்களின் கால்வழியே. காட்டு விலங்குக்கும் வழிப்பறிக்கும் அஞ்சி, வெயிலையும் மழையையும் பொருட்படுத்தாது அவர்கள் ஓடினர். வெள்ளம் வந்தால் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடப்பதே பெரும்பாடு. சுலோச்சன முதலியார் தம் பொருளைச் செலவிட்டுக் கட்டிய 11 வளைவுகள் கொண்ட பாலம் 1843இல் திறக்கப்பட்டபோதுதான் அத்துன்பம் தீர்ந்தது. இன்றும் அவர் பெயராலேயே அப்பாலம் வழங்குகிறது.

1854ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொலைவு எதுவாயினும் அரையணாவில் கடிதம் அனுப்பலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதுவரை செல்வர்க்கும் அலுவலர்க்கும் உரியதாயிருந்த கடிதம் ஏழையின் கைக்கும் எட்டியது. கொழும்பிலும் பினாங்கிலும் வாணிபம் செய்த தந்தையரின் செய்தி காயல்பட்டினத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்ததில் பாய்மரத்துக்கு ஒரு பங்கு உண்டென்றால், தபால் ஓட்டக்காரரின் கால்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1876இல் இரயில் திருநெல்வேலிக்கு வந்தது. 1904க்குள் செங்கோட்டை வழியே கொல்லம் வரை இருப்புப்பாதை முடிந்தது. அதன்பின் ஓட்டக்காரரின் வழி குறுகியது. இரயில் எட்டாத சிற்றூர்களுக்கே அவர் தேவைப்பட்டார். பின்னர் மோட்டார் வண்டி வந்தபோது அங்கும் தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். தபால் பை எப்போது புறப்பட்டது, எப்போது சேர்ந்தது என்ற கணக்குக் கண்டிப்பாக எழுதப்பட்டது. தாமதமானால் தண்டனையும் உண்டு. நேரம் எழுதப்பட்டது, தொலைவு எழுதப்பட்டது, பையின் எடை எழுதப்பட்டது. ஓடியவரின் பெயரோ வரலாற்றில் நிற்கவில்லை. பாலம் கட்டிய முதலியாரின் பெயர் நிலைத்தது. அப்பாலத்தின்மீது நாள்தோறும் ஓடியவரின் பெயர் நிலைக்கவில்லை.

கூலிக்காரர் ஓடலாகாது

இதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஓட்டம் வேறொரு வடிவம் பெற்றது. ஷ்ரூஸ்பரி என்னும் ஊர்ப் பள்ளியின் மாணவர்கள் 1830களிலேயே வயல்வெளிகளில் கூட்டமாக ஓடும் அமைப்பொன்றை வைத்திருந்தனர். ஒருவர் முயலாக முன்னே ஓடிக் காகிதத் துண்டுகளைச் சிதறிச் செல்வார்; ஏனையோர் வேட்டை நாய்களாக அத்தடத்தைப் பின்பற்றி ஓடுவர். இவ்விளையாட்டின் பெயரையே தாங்கி 1868இல் இலண்டனுக்கருகே 'தேம்ஸ் ஹேர் அண்டு ஹவுண்ட்ஸ்' என்ற கழகம் தோன்றியது. வயல்வெளி ஓட்டத்துக்கென அமைந்த கழகங்களுள் மிகப் பழமையானவற்றில் ஒன்றாக அது இன்றும் இயங்கி வருகிறது.

இக்கழகங்களை அமைத்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகம் சென்ற கனவான்கள். 1860களில் அவர்கள் வகுத்த விதியொன்று கவனத்துக்குரியது. பரிசுப் பணத்துக்கு ஓடுபவர் போட்டியில் சேரக்கூடாது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கம்மியர், கைவினைஞர், கூலியாள் ஆகியோரும் சேரலாகாது என்று எழுதி வைத்தனர். உடலுழைப்பால் வாழ்பவனுக்கு உடல் வலிமை இயல்பாகவே கூடிவிடும், ஆகவே கனவான்களோடு அவனை ஓடவிடுவது நியாயமன்று என்பது அவர்கள் கூறிய காரணம். தோற்றுவிடுவோமோ என்ற அச்சமும், ஒரே கோட்டில் நிற்க நேருமே என்ற கூச்சமும் உள்ளே இருந்த காரணங்கள் என நாம் எண்ணுகிறோம். இவ்விதிப்படி பார்த்தால், நெல்லைச் சீமையில் நாள்தோறும் பல மைல் ஓடிய தபால்காரர் இலண்டன் திடலில் கால் வைக்கவே தகுதியற்றவர்!

1880 ஏப்ரல் 24 அன்று ஆக்ஸ்போர்டு நகரில் கூடிய கூட்டத்தில் அமெச்சூர் தடகளச் சங்கம் உருவானது. கம்மியரையும் கூலியாளையும் விலக்கிய அவ்விதி அப்போது கைவிடப்பட்டது. மூன்றாண்டு கழித்து இலண்டன் ரீஜண்ட் தெருவிலிருந்த பாலிடெக்னிக் நிறுவனத்தின் இளைஞர்களுக்கான ஓட்டக் கழகம் தோன்றியது. பகலில் கடைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து மாலையில் கல்வி கற்ற இளைஞர்களே அதன் உறுப்பினர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தை நடத்தும் பொறுப்பு இக்கழகத்திடமே ஒப்படைக்கப்பட்டது. விண்ட்சர் கோட்டையிலிருந்து திடலில் அரச குடும்பத்தார் அமர்ந்த இடத்துக்கு எதிர் வரை அளந்தபோது 26 மைல் 385 கஜம் வந்தது. அதுவே 42.195 கிலோமீட்டர் என்று 1921இல் உலகுக்கெல்லாம் பொது அளவாயிற்று. எழுத்தர்களும் கடைப் பணியாளர்களும் சேர்ந்த உள்ளூர்க் கழகமொன்று அளந்த தொலைவையே இன்று உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆயினும் ஊதியத்தைப் பற்றிய கண்டிப்பு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. அல்ஜீரியாவில் பிஸ்க்ரா நகருக்கருகே பிறந்த பூகிரா அல்வாஃபி என்பவரின் வாழ்வு இதற்குச் சான்று. பிரெஞ்சுப் படையில் வேலை செய்த அவர், பின்னர் பாரிஸில் ரெனோ மோட்டார் தொழிற்சாலையில் தொழிலாளியானார். 1924 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஏழாவதாக வந்தார். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் 2 மணி 32 நிமிடம் 57 நொடியில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். அதன்பின் அமெரிக்காவில் பணத்துக்கு ஓடினார் என்பதற்காக அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். பாரிஸில் சிறு கஃபே ஒன்றை நடத்தினார், வறுமையில் மறக்கப்பட்டார், 1959இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரான்சுக்குத் தங்கம் கொண்டுவந்த தொழிலாளிக்குப் பிரான்ஸ் அளித்த இடம் இவ்வளவே. வெற்றியைத் தன்னதாக்கிக்கொண்டு வென்றவனைக் கைவிடும் வழக்கம் எந்நாட்டுக்கும் புதிதன்று.

டிரில் மாஸ்டர் வந்த வழி

நம் நாட்டுக்குத் தடகளம் பள்ளிக்கூடத்தின் வாயிலாக வந்தது. 1820இல் ரேனியஸ் பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வந்தது முதல் அந்நகரில் பள்ளிகள் பெருகின. தூய யோவான் கல்லூரி 1878இலும், பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தோன்றின. ஆற்றின் மறுகரையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி வளர்ந்தது. காயல்பட்டினத்தில் பிறந்து 1703இல் மறைந்த பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் பெயரால் 1971இல் பாளையங்கோட்டையில் நம்மவர் கல்லூரியும் எழுந்தது. வகுப்பறையோடு மைதானமும் சேர்ந்ததே கல்வி என்ற எண்ணம் இக்கல்விக்கூடங்களின் வழியாக ஊன்றியது.

மைதானத்துக்கு ஆசிரியர் வேண்டுமன்றோ? அவரை உருவாக்கிக் கொடுத்தவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சென்னைக்கு வந்த அவர், 1920இல் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு உடற்கல்விப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியத் தடகள அணிக்கு பக் மேலாளராகச் சென்றார். அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் அவ்வணியில் தடை தாண்டும் ஓட்டத்தில் கலந்துகொண்டார். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் சர் தொராப்ஜி டாட்டாவின் தலைமையில் அமைந்தபோதும் பக் அப்பணியில் முன்னின்றார்.

அவரது பள்ளியில் பயின்றவர்களே மாகாணமெங்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களாகப் பரவினர். மாணவர் வாயில் அவர்கள் டிரில் மாஸ்டர் ஆயினர். கழுத்தில் விசில், கையில் சுண்ணாம்பு வாளி, ஆண்டுக்கொரு முறை விளையாட்டு விழா என்பதே அவர்களது உலகம். ஆங்கில ஆசிரியருக்கும் கணித ஆசிரியருக்கும் கிடைத்த மதிப்பு அவர்களுக்குக் கிடைத்ததில்லை. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அவர்களது பாடவேளையே. எனினும் தடம் என்றால் என்ன என்பதை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்களே.

தடம் வரைவது எளிய செயலன்று. 400 மீட்டர் தடத்தில் இரண்டு நேர்ப்பகுதிகளும் இரண்டு அரைவட்டங்களும் உண்டு. ஒவ்வொரு வரிசையின் அகலமும் 1.22 மீட்டர். உள்வரிசையில் ஓடுபவனுக்கு வளைவு சிறிது. வெளிவரிசையில் ஓடுபவனுக்குப் பெரிது. இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வெளியே நிற்பவனுக்கு அநீதி. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு அவனை முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். விளிம்புக் கட்டையில்லாத சுண்ணாம்புத் தடத்தில் அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே இது ஏறத்தாழ 7.66 மீட்டர் வரும். தடம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வளவு மாறுவதில்லை. வரிசையின் அகலத்தை மட்டுமே அது சார்ந்தது. விழாவுக்கு வந்த பெற்றோர், முன்னே நிற்கும் பையனைக் கண்டு வாத்தியார் அவனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று எண்ணியிருக்கக்கூடும். கண்ணுக்கு ஏற்றத்தாழ்வாகத் தோன்றுவது கணக்கில் சமநீதியாக இருப்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நாம் அறிந்தவரை இல்லை.

கழகம் செய்யும் பணி

பள்ளி முடிந்ததும் ஓட்டமும் முடிந்துவிடுவதே நம் ஊர்களின் குறை. மாணவன் வெளியேறுகிறான், கடைக்கோ வெளிநாட்டுக்கோ செல்கிறான், தொழிற்கல்விக்குப் போகிறான். பள்ளி விழாவில் வென்ற சான்றிதழ் பெட்டியில் மஞ்சளாகிறது. கால்பந்துக்கு இந்நிலை இல்லை. காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் நினைவாக நடத்தும் கால்பந்துப் போட்டி பல்லாண்டுகளாக ஊருக்குப் பெருமை சேர்த்து வருகிறது. பதினொருவர் சேர்ந்தாலன்றி ஆட முடியாத விளையாட்டு ஆதலின், ஆட்டமே சங்கத்தைத் தேடிக்கொள்கிறது. ஓட்டமோ ஒருவனாலேயே முடிவது. அதனால்தான் அதற்குச் சங்கம் தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் ஒருவனாகவே ஓடுபவனுக்கே சங்கம் அதிகம் தேவை. அவன் நேரத்தைப் பார்க்க வேறொருவர் வேண்டும். அவன் தொலைவை அளக்க வேறொருவர் வேண்டும். அவன் சோர்ந்த நாளில் வாசலில் வந்து அழைக்க வேறொருவர் வேண்டும்.

நேரம் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கைக் கடிகாரம் கொண்டு பார்க்கும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு நொடிக்கே எழுதுவர். அதிலும் மேல் அளவுக்கே உயர்த்தி எழுதுவர். 11.32 என்று முள் காட்டினால் 11.4 என்றே பதிவு. மூன்று பேர் பார்த்தால் நடுவான நேரமே கணக்கு. ஐயம் எழும்போது ஓட்டக்காரனுக்குச் சாதகமாக முடிவு செய்யாமல், உறுதியாகச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதும் நேர்மை இவ்விதியில் இருக்கிறது. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இம்மனப்பான்மை புதிதன்று. அறிவிப்பாளரின் சொல் உறுதியாகாத இடத்தில் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அங்கும் உண்டு.

நம் மரபில் ஓட்டத்துக்கு இடமுண்டா என்று வினவுவோர்க்கும் இங்கே ஒரு சொல். நபித்தோழர்களுள் சலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் கால்விரைவுக்குப் பெயர்பெற்றவர்கள். தீ கரத் நிகழ்ச்சியில் ஒட்டகங்களைக் கொள்ளையிட்டுச் சென்றவர்களைக் காலால் ஓடியே துரத்தி மீட்டார்கள்; திரும்பும் வழியில் அன்சாரித் தோழர் ஒருவரோடு மதீனா வரை பந்தயம் ஓடி வென்றார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இசைவோடு நடந்த பந்தயம் அது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்களே இருமுறை ஓடியதும், முதன்முறை அன்னையாரும் மறுமுறை நாயகமும் முந்தியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. அப்பந்தயங்களில் யார் முந்தினார் என்ற விவரத்தையும் அறிவிப்பாளர்கள் தவறாது காத்து நமக்குத் தந்துள்ளனர்.

நூறில் ஒரு பங்கு

பெண்களின் ஓட்டத்தைப் பற்றி உலகமே நெடுங்காலம் தயங்கியது. 1928இல் ஆம்ஸ்டர்டாமில்தான் ஒலிம்பிக் தடகளத்தில் பெண்கள் முதன்முதல் சேர்க்கப்பட்டனர். அங்கே 800 மீட்டர் ஓடிய பெண்கள் மயங்கி விழுந்தனர் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அவ்வோட்டம் நீக்கப்பட்டு 1960 வரை திரும்ப வரவில்லை. பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டமும் மாரத்தானும் 1984 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் முதன்முறை இடம்பெற்றன.

அந்த 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்றை நம்மவர் இருவகையில் நினைவில் கொள்ள வேண்டும். இப்னு பதூதாவின் நாடாகிய மொரோக்கோவிலிருந்து வந்த நவால் அல்முத்தவக்கில் 54.61 நொடியில் முதலாவதாக வந்தார். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் அரபுப் பெண் அவரே. அதே ஓட்டத்தில் கேரளத்துப் பய்யோலியைச் சேர்ந்த பி.டி. உஷா 55.42 நொடியில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கம் கைதவறியது. மனிதக் கண்ணும் கைக் கடிகாரமும் அவ்வேறுபாட்டைக் கண்டிருக்க இயலாது, கேமராவே கண்டது.

இவ்விருவரும் பின்னர் செய்ததே நம் பொருளுக்கு உரியது. நவால் 1993இல் காசாபிளாங்கா நகரில் பெண்களுக்கான மக்கள் ஓட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஆண்டுதோறும் தாய்மாரும் மகளிரும் மாணவியரும் பல்லாயிரக்கணக்கில் அதில் ஓடினர். தலையை மூடியவரும் மூடாதவரும் அருகருகே ஓடினர். உஷா 2002இல் கோழிக்கோட்டுப் பகுதியில் தடகளப் பள்ளி நிறுவினார். டிண்டு லூக்கா போன்ற வீராங்கனைகள் அங்கிருந்து வந்தனர். ஒருவர் வென்றார், மற்றவர் நூலிழையில் இழந்தார். இருவருமே தம் ஓட்டம் தம்மோடு முடிந்துவிடக்கூடாது என்று கருதினர். இக்கருத்திலிருந்தே கழகம் பிறக்கிறது.

நம் வீட்டுப் பெண்மக்களின் உடல்நலத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. சர்க்கரை நோயும் மூட்டு வலியும் நாற்பது வயதுக்குள் அவர்களை வந்தடைகின்றன. மருத்துவர் நடக்கச் சொல்கிறார். எங்கே நடப்பது, யாரோடு நடப்பது என்ற வினாவுக்கு வீட்டில் விடையில்லை. மறைவும் பாதுகாப்பும் உள்ள திடலொன்றைப் பெண்கள் கல்விக்கூடத்தின் சுற்றுச்சுவருக்குள் காலை ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருவது ஊர்ப் பெரியவர்களுக்கு அரிய செயலன்று. மார்க்கத்தின் பெயரால் தடுப்பவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வரலாற்றை மீண்டும் ஒருமுறை ஓதிப் பார்ப்பாராக.

நம் மண்ணின் தாண்டல்

இவ்வட்டாரத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. சாத்தான்குளம் அருகேயுள்ள முதலூர், 1986 வரை பழைய நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கும் தேரிக்காட்டுச் சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச் 2 அன்று கர்நாடகத்து விஜயநகரில் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டர் தாண்டி இந்திய தேசியச் சாதனையை ஏற்படுத்தினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். செம்மண் தேரியில் பிறந்த பிள்ளையின் பெயர் இந்தியச் சாதனைப் பட்டியலில் ஏறியதற்குத் திறமை முதற்காரணம். பயிற்சிக்கூடமும் பயிற்சியாளரும் அளவுநாடாவும் பதிவேடும் அதற்குத் துணை நின்றன. அத்துணை கிட்டாமையால் எட்டு மீட்டர் தாண்டக்கூடிய கால்கள் எத்தனை ஊர்களில் கடைப்படி ஏறி இறங்கித் தேய்ந்தனவோ!

ஓட்டக் கழகம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மேலப்பாளையத்திலோ ஏர்வாடியிலோ காயல்பட்டினத்திலோ ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வெளிவரும் இளைஞர் பத்துப் பேர் போதும். அளவுநாடா ஒன்று, நேரம் பார்க்கும் கடிகாரம் ஒன்று, சுண்ணாம்பு ஒரு வாளி, தடித்த அட்டைக் குறிப்பேடு ஒன்று. இவற்றுள் முதல் மூன்றை விலை கொடுத்து வாங்கிவிடலாம். நான்காவதை நிரப்புவதற்குத்தான் பொறுமை வேண்டும். நாள், இடம், தொலைவு, நேரம், காற்றும் வெயிலும் இருந்த நிலை, நேரம் பார்த்தவர் கையொப்பம், எல்லாவற்றுக்கும் முன்னே ஓடியவரின் பெயர். முதலாவதாக வந்தவரோடு நிறுத்திவிடாமல் கடைசியாக வந்தவரின் பெயரையும் எழுத வேண்டும். நெசவு செய்பவராயினும், பீடி சுற்றுபவராயினும், கல்லூரி மாணவராயினும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவராயினும் ஒரே பக்கத்தில் ஒரே அளவு எழுத்தில் அப்பெயர்கள் இருக்க வேண்டும்.

சுலோச்சன முதலியார் பாலத்தின் மீது பையைச் சுமந்தோடிய மனிதருக்கு அவ்வாறு எழுதி வைப்பார் ஒருவரும் அன்று இல்லை. இன்று அதே பாலத்தைக் கடந்து விடியற்காலையில் ஓடும் இளைஞருக்கு எழுதி வைக்க நம்மால் முடியும். குறிப்பேட்டை வாங்கும் பொறுப்பை ஊருக்கு ஒருவர் ஏற்றுக்கொண்டால், அடுத்த தலைமுறையில் இவ்வாற்றங்கரையின் ஓட்ட வரலாற்றை எழுத வருபவருக்குப் பெயர்கள் கிடைக்கும்.